பூஜ்யத்தில் நின்ற முள்

அத்தியாயம் 9

“பாஸ், வெளியிலயே நிக்கலாம் போல. உள்ள இன்னும் குளிருது,” என்றான் லென்னி.

“வாயை மூடிக்கிட்டு காலைத் துடை. இறந்தவரோட வீடு இது,” என்றாள் ஹெஸ்டர் கிளெக்.

லென்னி காலைத் துடைத்தான். வாயை மூடவில்லை. “துடைச்சு என்ன பிரயோஜனம்? போலீஸ், அதிகாரி, பத்திரிகைக்காரன்னு ஊரே சேத்துக் காலோட வந்து போயிருக்கு.”

ஹெஸ்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. தங்கள் சோபாவுக்குத் தாங்களே தீ வைத்துவிட்டு அழுகிறவர்களைக் கண்டுபிடிக்கிற வேலையில், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்தவள். அலுத்துப்போய் வெளியே வந்து, டாட்மார்டன் என்ற மலைப் பள்ளத்தாக்கு ஊரில் ஒரு மீன் வறுவல் கடைக்கு மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டாள். அவளுடைய உதவியாளன் லென்னி ஆஷ்வொர்த் அதற்கு முன் பழைய கார் விற்றுக்கொண்டிருந்தவன். கார்கள் போய்விட்டன, வாய் மட்டும் மிச்சம். இந்த வழக்கில் இதுவரை இருவரும் பிடித்தது ஜலதோஷத்தைத் தவிர வேறொன்றுமில்லை.

வில்ஃப் சட்கிளிஃப், நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர், இந்த வரிசை வீட்டில் தனியாக இருந்தார். இலையுதிர் காலத்தில் நோயல் ஹாவர்த் என்ற மெக்கானிக் வீட்டைச் சூடாக்கும் அவருடைய பழைய பாய்லரைக் கழற்றிவிட்டுச் சமையலறைச் சுவரில் புதிதாக ஒன்று மாட்டினான். பழையது கூடத்துக் கணப்புக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்தபோது முன்னாலிருந்த காஸ் கணப்பும் சேர்ந்து போயிற்று. ஆக, வீட்டில் சூடு வேண்டுமென்றால் புது பாய்லர்தான், வேறு நாதி கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மகள் லொரெய்ன் வந்து அப்பாவோடு இருந்துவிட்டுச் சாயங்காலம் கிளம்பினாள். அப்போது வீடு கதகதவென்று இருந்தது. அன்று இரவே பனி கொட்டி மலைப்பாதையை அடைத்துவிட்டது. அவள் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், ரோச்டேலில். புதன்கிழமை பாதை திறந்து அவள் ஓடி வந்தபோது அப்பா ஓவர்கோட்டும் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. பாய்லர் நின்றுபோயிருந்தது, அதன் முள் பூஜ்யத்தில் இருந்தது.

யார் காரணம் என்று ஊர் யோசிக்கவே இல்லை. நோயல்தான். கடைசியாகக் கை வைத்தவன் அவன். போதாததற்கு வில்ஃப் திங்கட்கிழமை அவனுக்குப் போன் செய்திருந்தார். “வில்ஃப் பேசறேன். ஒரு சின்ன உதவி. அவசரமில்ல தம்பி, உனக்கு எப்ப சௌகரியமோ அப்ப வா.” அவ்வளவுதான் செய்தி. அன்றைக்கு நோயலின் போனில், பாய்லர் நின்றுபோன வீடுகளில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அவசரமில்லை என்றவரை அவன் கடைசியில் வைத்தான். இந்தப் பள்ளத்தாக்கில் வில்ஃப் வயதுக்காரர்கள் வீடு பற்றி எரிந்தாலும் தீயணைப்புப் படையிடம் அவசரமில்லை என்றுதான் சொல்வார்கள். நோயல் இங்கேயே பிறந்தவன், அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று ஊர் சொன்னது. நோயலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுடைய லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை மரண விசாரணை. அதுவரை அவன் எந்த பாய்லரையும் தொடக்கூடாது. யாரோ அவன் வண்டியில் ஆணியால் ‘கொலைகாரன்’ என்று கீறிவிட்டுப் போயிருந்தார்கள். அவன் பெண்டாட்டி கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள். அந்த வண்டியில்தான் நேற்று ஹெஸ்டரின் அலுவலகத்துக்கு வந்து, “நான் தப்பு பண்ணியிருந்தா அதையாவது கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம். எனக்கே தெரியல,” என்றான்.

இப்போது அவன் பின்வாசலில், ஜாக்கெட் பைக்குள் இரண்டு கையையும் திணித்துக்கொண்டு நின்றான். உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

லொரெய்ன் தேநீர்ப் பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள், ஐம்பது வயதிருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் கோப்பைகள் வரிசையாகத்தான் இருந்தன.

“தேடுங்க. நல்லா தேடுங்க,” என்றாள். “அந்த ஆள் எங்க ஓட்டை விட்டுட்டுப் போனான்னு கண்டுபிடிச்சு, அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லுங்க. அதைக் கேக்கத்தான் உங்களை உள்ள விட்டேன். ஆனா சமையலறையைத் தாண்டி அவன் கால் படக்கூடாது.”

“படாதும்மா,” என்றான் நோயல்.

“இதோ பாருங்க அவன் லட்சணத்தை.” ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கி மேஜையில் போட்டாள். போலீஸ் திருப்பிக் கொடுத்தது. உள்ளே துருப்பிடித்த பழைய குறடு ஒன்று. “பாய்லருக்குக் கீழ தரையில கிடந்துச்சு. சாமானைப் பொறுக்கத் தெரியாதவனுக்கு குழாய் மாட்டத் தெரியுமா?”

“அது என்னோடது இல்ல, லொரெய்ன். பத்து தடவை சொல்லிட்டேன்.”

“யாரோடது? குறடு நடந்து வந்துச்சா?”

நோயல் தலையைக் குனிந்துகொண்டான். லென்னி ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் முக்கினான். வாயில் எதையாவது போட்டு அடைத்துக்கொள்ள வேண்டிய நேரம் இது என்று அவனுக்கே புரிந்தது.

“நோயல், எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க,” என்றாள் ஹெஸ்டர். “இந்த முள் என்ன காட்டுது?”

“உள்ள இருக்கற தண்ணியோட பிரஷரைக் காட்டுது. மூடின குழாய் மேடம். ஒரு தடவை ரொப்பினா அதே தண்ணிதான் பாய்லருக்கும், ரூமுக்கு ரூம் சுவர்ல சூடு குடுக்கற ரேடியேட்டருக்கும் சுத்திச் சுத்தி வரும். ஆறியிருக்கும்போது முள் ஒன்றரைகிட்ட நிக்கணும். சூடானா தண்ணி விரியும், முள் ஏறும். ஆறினா இறங்கும். ரொம்ப இறங்கிட்டா, அரைக்குக் கீழ வந்துட்டா, பாய்லர் பத்திக்காது. அது பாதுகாப்புக்காக.”

“எங்க மாமனார் மாதிரி,” என்றான் லென்னி. “சூடானா ஏறுவார். ஆறினதும் இறங்குவார். அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு வேலையும் செய்யமாட்டார்.”

“ஏறி இறங்கறது சகஜம். பூஜ்யத்துக்குப் போறது சகஜமில்ல,” என்றான் நோயல். “தண்ணி வெளிய போனாத்தான் அப்படி ஆகும். அந்த ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு நாள் முன்னால, வெள்ளிக்கிழமை வந்து பார்த்தேன், முள் ஒன்றரையில இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு.”

“அப்போ தண்ணி எங்க போச்சு?”

“அதுதான் மேடம் தெரியல.”

ஹெஸ்டர் விரலை மடக்கிக்கொண்டே யோசித்தாள். குழாயில் ஓட்டையா? காஸ் பாதுகாப்பு அதிகாரிகள் கம்பளத்தைச் சுருட்டி, தரைப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தாயிற்று. எல்லாம் காய்ந்து கிடந்தது. வெளிச்சுவரில் ஒரு செம்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், முள் அளவுக்கு மேல் ஏறினால் பாய்லர் அதன் வழியாகத் தண்ணீரைத் துப்பிவிடும். அன்று போலீஸ்காரன் எடுத்த புகைப்படத்தில் கூரை விளிம்பு முழுக்கப் பனிக்கட்டி விழுதுகள். செம்புக் குழாயின் வாயில் மட்டும் ஒன்றுமில்லை, அதற்குக் கீழே சுவரும் காய்ந்திருந்தது. துப்பியிருந்தால் அந்தக் குளிரில் அங்கேயே உறைந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

மிச்சம் ஒன்றுதான். யாரோ உள்ளே வந்து தண்ணீரை எடுத்துவிட்டார்கள்.

அப்படி யாராவது வந்திருந்தால் பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்து வீட்டு ட்ரெவர். ஹெஸ்டர் முற்றத்துக்கு வந்ததும் சுவருக்கு மேல் அவர் தலை தெரிந்தது. கூப்பிடுவதற்கு முன்பே பேச ஆரம்பித்தார்.

“புதன்கிழமை லொரெய்ன் வர்ற வரைக்கும் ஒரு காலடி கிடையாது. முன்வாசல்லயும் இல்ல, பின்வாசல்லயும் இல்ல. கேட் வரைக்கும் நான்தான் பனியைத் தள்ளினேன். அதுக்கு அந்தப் பக்கம் மேஜை விரிப்பு போட்ட மாதிரி கிடந்துச்சு.”

“நீங்க உள்ள போய்ப் பார்க்கலையா?”

ட்ரெவர் கையிலிருந்த தொப்பியைக் கசக்கினார். “டிவி சத்தம் கேட்டுச்சு. சுவர் வழியா எல்லாம் கேக்கும். சத்தம் கேட்டா மனுஷன் நல்லா இருக்கார்னுதானே அர்த்தம்? செவ்வாய்க்கிழமை கூட ஓடிச்சு. புதன்கிழமை கூட ஓடிச்சு.” இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைக் கைகாட்டினார். “ஒரு செங்கல் கனம்தான் நடுவுல.”

அவரிடம் இதற்கு மேல் என்ன கேட்பது? ஹெஸ்டர் நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

“பூட்டின வீடு, மூடின குழாய், சுத்திலும் கால் படாத பனி,” என்றான் லென்னி. “ஊர்ல நகை நட்டு திருடறவன் எல்லாம் இருக்க, நமக்குன்னு ஒருத்தன் வந்திருக்கான் பாரு. பறந்து வந்து நாலு கோப்பை தண்ணியைத் திருடிட்டு பறந்து போயிருக்கான்.”

ஹெஸ்டர் மாடிக்குப் போனாள். பெரிய படுக்கையறையில் ஜன்னலுக்குக் கீழே இருந்த ரேடியேட்டர் முன் மண்டியிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளினாள். ரேடியேட்டரின் ஓரத்தில், மேலே, காற்றை வெளியே விடுவதற்கென்று ஒரு சின்னத் திருகு உண்டு. அதற்குக் கீழே வால்பேப்பரில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. எழுந்து போய் அடுத்த அறையில் பார்த்தாள். அங்கேயும் ஒன்று. குளியலறையில் துடைத்த தடம் மட்டும் இருந்தது. பழைய ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீர் மை மாதிரி கறுப்பாக இருக்கும். அது பட்ட இடத்தைச் சாமான்யமாக மறைக்க முடியாது.

நேற்று நோயல் சொன்னது நினைவுக்கு வந்தது. ரேடியேட்டரிலிருந்து காற்றை வெளியே விட்டால்கூட முள் இறங்கும், ஆனால் வில்ஃபால் அந்தத் திருகைத் திறக்கும் சாவியைப் பிடிக்கவே முடியாது, விரலெல்லாம் முடிச்சு விழுந்திருந்தது என்றான்.

“லென்னி!” என்று படியிலிருந்தே ரகசியக் குரலில் கூப்பிட்டாள். அவன் வந்ததும் பொட்டைக் காட்டினாள். “ஒவ்வொரு ரூமா போய் திறந்து விட்டிருக்காங்க. எல்லா ரேடியேட்டரையும்.”

“பலே! நோயல் தப்பிச்சான்.”

“அவசரப்படாதே. கம்பளத்தைப் பாரு.”

லென்னி பார்த்தான். “ஒண்ணுமில்லையே.”

“அதைத்தான் சொல்றேன். சுவர்ல தெறிச்சிருக்கு, கம்பளத்துல ஒரு சொட்டு இல்ல. கீழ துணி விரிச்சிருக்கான். கோப்பையில பிடிச்சிருக்கான். ஒரு கிழவரைக் குளிர்ல கொல்ல வந்தவனுக்கு கம்பளத்து மேல என்ன அக்கறை?”

“வளர்ப்பு நல்ல வளர்ப்பு போல,” என்றான் லென்னி. ஆனால் அவனும் சிரிக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லொரெய்ன் போகும்போது வீடு சூடா இருந்துச்சு. அப்போ அதுக்கு அப்புறம்தான் நடந்திருக்கணும். அதுக்கு அப்புறம் யாருமே வரல.” ஹெஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “எங்கயோ இடிக்குது. எங்கன்னுதான் தெரியல.”

கீழே வந்ததும் அடுத்த சிக்கல் காத்திருந்தது. பாய்லரில் தண்ணீர் ரொப்பி ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றால் நோயல் கை வைக்கக்கூடாது. லென்னி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பாய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்தான். நோயல் பைக்குள் கையை வைத்தபடியே வாயால் வழிகாட்டினான்.

“ரெண்டு கறுப்புத் திருகு இருக்கா? ரெண்டையும் திறக்கணும். ஒண்ணை மட்டும் திறந்தா தண்ணி வராது.”

“ஒண்ணு ஏற்கெனவே பாதி திறந்திருக்கு. இன்னொண்ணு மூடியிருக்கு,” என்றான் லென்னி. “ஐயய்யோ, என்னப்பா இது, இதை எலி கடிச்சிருக்கா?”

ஹெஸ்டர் குனிந்து டார்ச் அடித்தாள். மூடியிருந்த திருகின் பிளாஸ்டிக் தலை முழுக்கக் கீறல். குறடு பிடித்து வழுக்கி, மறுபடி பிடித்து, மறுபடி வழுக்கின பற்தடங்கள்.

“நான் விட்டுட்டுப் போனப்போ புத்தம் புதுசு,” என்றான் நோயல் மெதுவாக.

“இது எதுக்கான திருகு?”

“உள்ள தண்ணி விடறதுக்கு மேடம். முள் இறங்கினா இதைத் திறந்துதான் ரொப்பணும். வில்ஃபுக்கு எல்லாத்தையும் உக்கார வெச்சு சொல்லிக் காட்டினேன். என்ன செஞ்சா முள் இறங்கும், இறங்கினா என்ன செய்யணும்னு. மனுஷன் எனக்கே திருப்பி ஒப்பிச்சார்.”

லொரெய்ன் அப்போது கூடத்தில் இருந்தாள். அவள் காதில் இது விழவில்லை.

“வெளிய விட வந்தவன் எதுக்கு உள்ள விடற குழாயோட மல்லுக்கட்டணும்?” என்று ஹெஸ்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். “ஒருத்தர் தண்ணியை எடுத்திருக்காங்க. இன்னொருத்தர் திருப்பி ஊத்தப் பார்த்திருக்காங்க. ரெண்டு பேர், லென்னி.”

“எனக்கு இருக்கற முதுகு வலியில மூணு பேரா தெரியுது,” என்றான் லென்னி. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது திருகைத் திருப்பினான். முப்பது வயது ஆளுக்கே முகம் சிவந்துவிட்டது. குழாய்க்குள் தண்ணீர் சீறியது. முள் எழுந்து, ஒன்று தாண்டி, ஒன்றரைக்கு வந்தது. திருகுகளை மூடிவிட்டு நோயல் சொன்ன பொத்தானை அமுக்கினான். பாய்லர் உறுமிப் பற்றிக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு லொரெய்ன் வாசல்படியில் வந்து நின்றாள். அவள் கண்ணில் நீர் நிறைந்தது. ஒரு பொத்தான், ஒரு நிமிஷ வேலை.

“லென்னி, இங்கயே நில்லு. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதே. துளி அசைஞ்சாலும் கத்து, நான் எங்க இருந்தாலும் கேக்கணும்,” என்றாள் ஹெஸ்டர்.

“கத்தறதுதானே? அதுக்குத்தானே சம்பளம் வாங்கறேன்.”

லொரெய்ன் அறை அறையாகப் போய் ரேடியேட்டர்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒவ்வொண்ணும் அடியில வெதுவெதுங்குது, தலைப்பக்கம் ஜில்லுன்னு இருக்கு,” என்றாள் மாடியிலிருந்து இறங்கியபடி. “அதிகாரிங்க வந்து நோண்டினதுல காத்து ஏறியிருக்கு. இருங்க, ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்.” இழுப்பறையிலிருந்து சணல் கட்டிய ஒரு பித்தளைச் சாவியை எடுத்தாள். அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை. அடுப்புக் கம்பியிலிருந்து ஒரு துணி.

ஹெஸ்டர் அந்தக் கோப்பையைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள்.  வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் லொரெய்ன் பாதிப் படி ஏறியிருந்தாள். ஹெஸ்டர் பின்னாலேயே போனாள்.

படுக்கையறையில் அவள் மண்டியிட்டு, துணியைக் கம்பளத்தின் மேல் விரித்து, நான்கு மூலையையும் நீவிவிட்டாள். “அப்பாவுக்கு இது ஒரு சடங்கு மாதிரி. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை எல்லா ரேடியேட்டர்லயும் காத்தை எடுத்துடணும். எடுத்தா பொங்கப் பொங்கச் சூடாகும். இந்த வருஷம் அவர் விரல் சாவியைப் பிடிக்கலை. நான்தான் எல்லாத்தையும் பண்ணினேன். கறுப்புத் தண்ணி போயி தெளிவா வர்ற வரைக்கும் விட்டேன், அப்பா சொல்ற மாதிரியே.” நிமிர்ந்து பார்த்தாள். “அந்த ஆள் காசு வாங்கிட்டு அரைகுறையா செஞ்சான். நான் என் கையால செஞ்சேன்.”

“பழைய பாய்லர் இருந்தப்பவும் இப்படித்தானா?” ஹெஸ்டரின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

“ஆமா. எவ்வளவு விட்டாலும் பரண்ல இருந்த தொட்டி தானா ரொப்பிக்கும்.”

“அந்தத் தொட்டி இப்ப எங்க?”

“அதைத்தான் அந்த ஆள் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டானே,” என்று சொல்லிக்கொண்டே லொரெய்ன் சாவியைத் திருப்பினாள். காற்று சீறிக்கொண்டு வந்தது. பிறகு கோப்பையில் கறுப்பாகத் தண்ணீர் விழுந்தது.

“பாஸ்!” என்று கீழேயிருந்து லென்னியின் குரல் வெடித்தது. “அசையுது! ஒண்ணே காலுக்கு வந்துடுச்சு!”

ஹெஸ்டர் வாசலுக்கு விரைந்தாள். “போதும் லென்னி.” குரல் பாதிதான் வெளியே வந்தது.

“என்ன? கேக்கல பாஸ்! ஒண்ணு! ஒண்ணுக்கு வந்துடுச்சு! நம்ம திருடன் இப்ப வீட்டுக்குள்ளயே இருக்கான்! பட்டப்பகல்ல கை வைக்கறான்!”

லொரெய்ன் சாவியை மூடினாள். “என்ன கத்தறார் அவர்?”

“நின்னுடுச்சு பாஸ்!”

லொரெய்னின் கை சாவியின் மேலேயே இருந்தது. அவள் ஹெஸ்டரைப் பார்க்கவில்லை. சாவியை ஒரு கால் வட்டம் திருப்பினாள்.

“மறுபடி இறங்குது!”

மூடினாள்.

“நின்னுடுச்சு!”

ஹெஸ்டர் எத்தனையோ பேரை எதிரில் உட்காரவைத்து உண்மையைக் கறந்தவள், ஒரு பெண் தானாகவே உண்மையைக் கண்டுபிடிப்பதை இரண்டடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்க ஒரு வழியும் இல்லை. லொரெய்ன் இன்னொரு முறை திறந்தாள். இந்த முறை மூடவில்லை.

“இறங்குது,” என்றான் லென்னி. அந்தக் குரலில் வேடிக்கை இல்லை. அவனுக்கும் புரிந்துவிட்டது.  கொஞ்ச நேரத்தில் பாய்லரின் உறுமல் நின்றது.

“அன்னைக்கு நான் கிளம்பும்போது வீடு சூடா இருந்துச்சே,” என்றாள் லொரெய்ன். கோப்பை நிரம்பித் துணியில் வழிந்துகொண்டிருந்தது. “ஏங்க, சூடா இருந்துச்சு. நான் தொட்டுப் பார்த்தேன். அப்பா ஸ்வெட்டரைக் கழட்டி வெச்சிருந்தார்.”

ஹெஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாவியை மூடினாள். “சூடா இருந்ததாலதான்மா முள் தாக்குப்பிடிச்சு நின்னிருக்கு. ராத்திரி அணைச்சதும் தண்ணி ஆறியிருக்கும். ஆறினதும் இறங்கியிருக்கும். காலைல பத்தியிருக்காது.”

வேறு மாதிரி சொல்லியிருக்கலாமா என்று ஹெஸ்டர் பிற்பாடு பல நாள் யோசித்தாள். வேறு மாதிரி ஒன்றும் அகப்படவில்லை.

இருவரும் கீழே வந்தபோது லென்னி சுவரைப் பார்த்து நின்றான். நோயல் சமையலறைக்குள் வந்திருந்தான். அவன் முகத்தில் தப்பித்தவனின் களை இல்லை. லொரெய்ன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சும்மா.”

“வியாழக்கிழமை நானே சொல்லிடறேன். உங்க பேர்ல தப்பில்லைன்னு நான்தான் சொல்லணும். நான்தானே சொல்லிக்கிட்டு திரிஞ்சேன்.”

“லொரெய்ன், அவர் கூப்பிட்டார். நான் வரல. அது என் தப்புதான்.”

“அவசரமில்லைன்னாரே. நீங்க என்ன செய்வீங்க?” அவள் நாற்காலியை இழுத்தாள், உட்காரவில்லை. “ஒண்ணு மட்டும் கேக்கறேன். உண்மையைச் சொல்லுங்க. காத்தை விட்டா முள் இறங்கும்னு எங்கப்பாவுக்குத் தெரியுமா? நீங்க சொன்னீங்களா?”

நோயல் ஹெஸ்டரைப் பார்த்தான். வியாழக்கிழமை விசாரணையில் அவனுக்கு இருந்த ஒரே பிடிமானம் அது. எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன், அவர் திருப்பி ஒப்பித்தார். சொன்னேன் என்று சொன்னால் அவன் பிழைப்பு பிழைத்தது. ஹெஸ்டர் அவனுக்காகப் பேசத்தான் பணம் வாங்கியிருந்தாள். அவள் பேசவில்லை. லென்னி வாயைத் திறந்தான், அவள் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“இல்ல,” என்றான் நோயல். “அதைச் சொல்ல மறந்துட்டேன். அவருக்குத் தெரியாது.”

லொரெய்ன் அவனையே பார்த்தாள். பிறகு அவள் பார்வை மேஜைக்கு வந்தது. பிளாஸ்டிக் பையைப் பிரித்து அந்தக் குறடைக் கையில் எடுத்தாள். கைப்பிடியில் நூல் சுற்றியிருந்தது, பிடி வழுக்காமல் இருப்பதற்காக யாரோ முடிச்சு விழுந்த விரல்களால் சிரமப்பட்டுச் சுற்றினது. அவள் மண்டியிட்டுக் குனிந்து, பாய்லருக்கு அடியில் அந்தக் கீறல் விழுந்த திருகைப் பார்த்தாள். குறட்டுப் பற்களை அந்தக் கீறல்களில் வைத்துப் பார்த்தாள், பொருந்தின.

“அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தானே திருப்பி ரொப்பப் பார்த்திருக்கார்,” என்றாள்.

நோயல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்ணினேன். வீடு எப்படிப்பா இருக்குன்னு கேட்டேன். காத்தை எடுத்துவிட்டுட்டுப் போனேனே, பரவாயில்லையான்னு கேட்டேன்.” குறடை மடியில் வைத்துக்கொண்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “பிரமாதமா இருக்கு கண்ணு, எல்லாம் உன் கைராசின்னார். நான் அன்னைக்கு நிம்மதியா தூங்கினேன்.”